ஜெர்மனியா, பெங்களூரா, கம்பெனியா, காலேஜா? பார்கின்சன் ஆராய்ச்சில பிஎச்டி முடிச்சுட்டு நான் போட்ட கணக்கு

வைவா முடிச்சுட்டு பாலக்கோடு ஸ்டேஷன்ல வந்து இறங்குன அன்னைக்கே எங்க தெரு மாமா ஒருத்தரு கேட்டாரு, "இன்னாம்மா, இப்பவாச்சும் படிப்பு முடிஞ்சுதா, இல்ல இன்னும் பாக்கி இருக்குதா?" முடிஞ்சுது மாமா, இனிமே நானும் டாக்டருதான்னேன். "அப்ப இந்த முட்டி வலிக்கு ஒரு மாத்திரை எழுதிக் குடு"ன்னுட்டாரு. ஆறு வருஷமா மூளை செல்லுக்குள்ள ஒரு புரோட்டீன் எப்படி கட்டி கட்டியா ஒட்டிக்குதுன்னு பாத்துட்டு வந்தவகிட்ட முட்டி வலிக்கு கேட்டா என்னத்த சொல்றது, சிரிச்சுட்டு வந்துட்டேன். ஆனா வீட்டுக்குள்ள அப்பா கேட்ட கேள்விக்கு அப்படி சிரிச்சு தப்பிக்க முடியல. "அடுத்து இன்னா?"

கைல நாலு வழி இருந்துச்சு. ஜெர்மனில ஒரு லேப்ல போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்கு அப்புறம் செய்யற தற்காலிக ஆராய்ச்சி வேலை, ஆஃபர் லெட்டரே வந்துடுச்சு. பெங்களூருல ஒரு மருந்து ஆராய்ச்சி கம்பெனில சயின்டிஸ்ட் வேலை, ரெண்டு ரவுண்டு இன்டர்வியூ முடிஞ்சு சம்பளம் பேசற ஸ்டேஜ். பெங்களூருலயே, வயசானவங்கள வருஷக்கணக்கா விடாம ஃபாலோ பண்ற ஒரு ஸ்டடில ரிசர்ச் அசோசியேட். நாலாவது நம்ம பக்கமே காலேஜ்ல வாத்தியார் வேலை, இது எங்கம்மாவோட ஓட்டு. அமெரிக்காவையும் சேத்தா நாலரைன்னு வச்சுக்கலாம், ஏன் அரைன்னு பின்னாடி சொல்றேன். ரெண்டு மாசம் ஒரு பழைய டைரில கோடு போட்டு எழுதி எழுதி அடிச்சேன். எனக்கப்புறம் முடிக்கப்போற ஜூனியர் பசங்க நாலஞ்சு பேரு இதையே கேக்கறதால அந்த டைரிய இங்க பிரிச்சு வைக்கறேன். கேன்சர் பயாலஜி, பிளான்ட் சயின்ஸ் பண்றவங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே ஒத்து வராது, ஏன்னா எங்க ஃபீல்டுல நோயோட வேகமே வேற.

அந்த வேகம் என்னன்னு எனக்கு புரிஞ்சது லேப்ல இல்ல, எங்க ஆயாவாலதான். 2016ல அவங்களுக்கு பார்கின்சன்னு சொன்னாங்க, வலது கை நடுக்கம், நடந்தா கால் தரைலயே தேயும். ஆனா அதுக்கு பத்து வருஷம் முன்னாடி, நான் ஆறாவது ஏழாவது படிக்கறப்பவே, ராத்திரி தூக்கத்துல கத்துவாங்க, கைய வீசுவாங்க, ஒரு தடவ பக்கத்துல படுத்திருந்த என் மூக்குலயே குத்து விழுந்து ரத்தம் வந்துடுச்சு. காலைல கேட்டா கனவுல நாய் துரத்துச்சு, அடிச்சேன்னுவாங்க. பேய் புடிச்சிருக்குதுன்னு மந்திரிச்சு கயிறு கட்டிக்கிட்டு வந்தாங்க. அப்புறம் கொஞ்ச வருஷத்துல கருவாட்டுக் கொழம்பு கொதிச்சாலும் வாசமே வரலங்கறாங்க, மலச்சிக்கல் தீரவே மாட்டேங்குது, வயசாயிடுச்சுல்லன்னு எல்லாரும் விட்டுட்டோம். பிஎச்டி சேந்த வருஷம், 2019ல, பல நாட்டு தூக்க மையங்க சேந்து போட்ட ஒரு பேப்பர் படிச்சேன், இந்த மாதிரி கனவுல கை கால் வீசறவங்க 1,280 பேர ஃபாலோ பண்ணதுல 12 வருஷத்துக்குள்ள 73.5 சதவீதம் பேருக்கு பார்கின்சனோ அந்த வகை டிமென்ஷியாவோ (புத்தி மங்கிப் போற நோய்) வந்துடுதுன்னு. பேப்பர மூடி வச்சுட்டு வெளிய போய் ஒரு டீ குடிச்சேன். எங்க ஆயாவுக்கு நோய் ஆரம்பிச்சப்ப அதுக்கு நாங்க கயிறு கட்டிக்கிட்டு இருந்தோம்.

அல்சைமருக்கும் இதே கதைதான், மறதி தெரியறதுக்கு 15, 20 வருஷம் முன்னாடியே மூளைல அமிலாய்டுங்கற புரோட்டீன் படிய ஆரம்பிச்சுடுது. இந்த நோய்ங்களுக்கு ஒரு கடிகாரம், பத்து இருபது வருஷ கடிகாரம். நமக்கு குடுக்கற கான்ட்ராக்ட்டுக்கு இன்னொரு கடிகாரம், ரெண்டு வருஷம், இழுத்தா மூணு. ரெண்டும் ஒண்ணா ஓடாது. அதனால சம்பளத்துக்கு முன்னாடி நான் டைரில எழுதுன முத கேள்வி, அந்த நீளமான கடிகாரத்த யாரு சுத்த விட்டுக்கிட்டு இருக்காங்க, எனக்கு அதுல கை வைக்க விடுவாங்களா. மத்ததெல்லாம் அதுக்கப்புறம்தான்.

ஜெர்மனிய எடுத்துக்கலாம். நரம்பு சிதைவு நோய்க்குன்னே தனியா ஒரு தேசிய மையம் வச்சிருக்கற நாடு, டிஇசட்என்இன்னு 2009ல ஆரம்பிச்சாங்க, பான் நகரம்தான் தலைமை, மொத்தம் பத்து ஊர்ல இருக்குது. அந்த நோய்க்கே பேரு குடுத்த டாக்டர் அல்சைமர் முத முதல்ல தன்னோட பேஷன்ட் கேஸ ஒரு டாக்டருங்க கூட்டத்துல சொன்னதும் அங்கதான், 1906ல டூபிங்கன்ல. எனக்கு வந்த ஆஃபர் இ13 சம்பள கிரேடு, முழு போஸ்ட். மாசம் 4,700 யூரோ சொச்சம் வருது, வரி, இன்சூரன்ஸ், பென்ஷன் எல்லாம் புடிச்சு கைக்கு மூவாயிரத்துக்கு கொஞ்சம் கம்மி. வாடகை, சாப்பாடு போக மாசம் ஆயிரம் யூரோ மிச்சம் புடிச்சா அது நம்மூருக்கு லட்ச ரூபா, எங்கண்ணன் இத கேட்டதும் "யோசிக்கறதுக்கு என்ன இருக்குது, பெட்டிய கட்டு"ன்னான். நம்ம பெங்களூரு லேப்ல ஒரு ஆன்டிபாடி ஆர்டர் போட்டா ஆறு வாரம் எட்டு வாரம் காத்திருப்போம், அங்க ரெண்டு நாள்ல வருமாம். மைக்ராஸ்கோப் ரிப்பேர் ஆச்சுன்னா அதுக்குன்னு ஒரு ஆளு இருப்பாரு, நம்மளே யூட்யூப் பாத்து கழட்ட வேணாம். இதெல்லாம் சின்ன விஷயமா தெரியும், ஆனா வருஷத்துக்கு நாலு மாசம் மிச்சம் ஆவுது.

சரி, வேலை என்னன்னு பாத்தேன். எலி. மொதல்ல சொன்னேனே கட்டி கட்டியா ஒட்டிக்கற புரோட்டீன், அதுக்கு பேரு ஆல்ஃபா-சினுக்ளின், அதோட நார்களை எலியோட மூளைல ஊசி போட்டு அது ஒரு இடத்துலருந்து இன்னொரு இடத்துக்கு எப்படி பரவுதுன்னு பாக்கறது. 2012லருந்து உலகம் பூரா பண்ற மாடல், நானே பிஎச்டில தட்டுல வளத்த நியூரான்ல இதத்தான் பண்ணேன். அவங்க என்னை எடுக்கறதே எனக்கு அந்த நார் செய்யத் தெரியுங்கறதாலதான். அங்க போனா மூணு வருஷத்துல ரெண்டு நல்ல பேப்பர் வரும், கண்டிப்பா வரும், ஏன்னா கை வந்த வேலை. ஆனா மூணு வருஷம் கழிச்சு 34 வயசுல நான் யாரு? எலிக்கு ஊசி போடத் தெரிஞ்ச இன்னொரு ஆளு. எலிக்கு தானா பார்கின்சன் வராது, நம்மதான் வர வைக்கறோம். நோய் வர்றதுக்கு முன்னாடி மனுஷ உடம்புல பத்து வருஷம் என்ன நடக்குதுங்கற கேள்விக்கு, ஊசி போட்டு ஆறு மாசத்துல முடியற எலி எவ்ளோ தூரம் பதில் சொல்லும்னு எனக்கு ஆறு வருஷமாவே ஒரு உறுத்தல்.

அங்க இன்னொரு விஷயமும் இருக்குது, போறதுக்கு முன்னாடி யாரும் சொல்ல மாட்டாங்க. ஜெர்மனி சட்டப்படி பிஎச்டிக்கு அப்புறம் பல்கலைக்கழகத்துல தற்காலிக கான்ட்ராக்ட்ல வச்சுக்க பொதுவா ஆறு வருஷம்தான் கணக்கு. அதுக்குள்ள பேராசிரியர் ஆவணும், இல்ல வேற வழி பாக்கணும். என் சீனியர் அக்கா ஒருத்தங்க அங்க அஞ்சாவது வருஷத்துல இருக்காங்க, ரெண்டு குழந்தை, நல்ல பேப்பருங்க, இருந்தும் இப்ப மெடிக்கல் ரைட்டிங் கோர்ஸ் படிச்சுக்கிட்டு இருக்காங்க. அவங்க அழலை, நிதானமாத்தான் சொன்னாங்க, "வர்றதுன்னா வா, ஆனா என்ன கத்துக்கிட்டு திரும்பப் போறன்னு வர்றதுக்கு முன்னாடியே எழுதி வச்சுக்க"ன்னு. அந்த ஒரு வரி டைரில சிவப்பு மைல இருக்குது.

அமெரிக்காவ அரைன்னு சொன்னதுக்கு காரணம் ரொம்ப இல்ல. ஒரு புரொஃபசர் ஜூம்ல நல்லாத்தான் பேசுனாரு, ரெண்டு வாரம் கழிச்சு கிரான்ட் நிலவரம் தெரியல, அடுத்த வருஷம் பாக்கலாம்னு மெயில் வந்துச்சு. அவர குத்தம் சொல்ல முடியாது, 2025ல அங்க ஆராய்ச்சிப் பணம் வெட்டுனதுல நிறைய பேரு அப்படித்தான் நின்னாங்க. செப்டம்பர்ல புது எச்-1பி வேலை விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம்னு வேற அறிவிச்சாங்க. போஸ்ட்டாக் நிறைய பேரு ஜே-1ங்கற தற்காலிக விசால போறாங்கதான், ஆனா அதுக்கப்புறம் அங்கயே தங்கணும்னா என்ன பண்றதுன்னு யாருக்கும் தெரியல. கே99ன்னு ஒரு கிரான்ட் இருக்குது, வெளிநாட்டுக்காரங்களும் போடலாம், போஸ்ட்டாக்லருந்து சொந்த லேப்புக்கு கூட்டிட்டு போற பாலம் மாதிரி, அதுக்காக மட்டும் மனசு கொஞ்சம் இழுத்துச்சு. நிலவரம் மாறுனா இத படிக்கற உங்களுக்கு இது முழு ஆப்ஷனா ஆவலாம், எனக்கு ஆவல.

கம்பெனி. இத நான் மொதல்ல கேவலமா நெனச்சேன், அது தப்பு. லேப்ல வளந்தவங்களுக்கு இன்டஸ்ட்ரின்னா ஏதோ தோத்துப் போனவங்க போற இடம்னு ஒரு திமிரு இருக்கும், இன்டர்வியூக்கு போனதும் அது எறங்கிடுச்சு. எனக்கு சொன்ன சம்பளம் வருஷம் 14 லட்சம், மாசம் ஒண்ணாந்தேதி கரெக்ட்டா வரும். வேலைல ஒழுங்கு இருக்குது, ஒரு அளவீட்ட மூணு பேரு தனித்தனியா செஞ்சு ஒரே பதில் வந்தாத்தான் ஒத்துக்குவாங்க. நம்ம ஃபீல்டுக்கு அந்த ஒழுங்கு எவ்ளோ தேவைங்கறதுக்கு ஒரு உதாரணம், 2006ல நேச்சர்ல வந்த, ஆயிரக்கணக்கான தடவ மேற்கோள் காட்டப்பட்ட ஒரு அல்சைமர் பேப்பர படங்கள்ல பிரச்சினைன்னு 2024லதான் வாபஸ் வாங்குனாங்க. 18 வருஷம்! அந்த நம்பிக்கைல எத்தனை பசங்க பிஎச்டிய செலவு பண்ணியிருப்பாங்க.

ஆனா வேலை அடுத்தவங்க கேள்விக்கு. வெளிநாட்டு கம்பெனி ஒரு மூலக்கூறு அனுப்பும், அதுக்கு பேரு கூட இருக்காது, ஒரு நம்பர்தான், அத செல்லுல போட்டு ரிசல்ட் அனுப்பணும், அது அப்புறம் மருந்தாச்சா மண்ணாச்சான்னு நமக்கு தெரியாது. பேப்பர் போட முடியாது. ரெண்டு வருஷம் பேப்பர் இல்லாம இருந்தா திரும்ப அகாடமிக் பக்கம் வர்றது கிணத்துல விழுந்தவன் கயிறு இல்லாம ஏறற மாதிரி. இன்னொரு பயம், மூளை நோய் மருந்துங்கறது கம்பெனிங்களுக்கே கசந்து போன சரக்கு. 2002லருந்து 2012 வரைக்கும் சோதனைக்குப் போன அல்சைமர் மருந்துகள்ல 99.6 சதவீதம் தோத்துடுச்சுன்னு ஒரு கணக்கு இருக்குது. 2018 ஜனவரில ஃபைசர் அல்சைமர், பார்கின்சன் புது மருந்து தேடறதையே நிறுத்திட்டு கிட்டத்தட்ட 300 வேலைய தூக்குச்சு. இப்ப லெக்கானெமாப், டோனானெமாப்னு ரெண்டு அல்சைமர் மருந்து வந்தப்புறம் கொஞ்சம் சூடு புடிச்சிருக்குது, ஆனா அந்த லெக்கானெமாப்பே 18 மாசத்துல நோயோட வேகத்த 27 சதவீதம்தான் குறைச்சுது, நோய் எவ்ளோ முத்தியிருக்குதுன்னு அளக்கற 18 பாயின்ட் ஸ்கேல்ல பாத்தா வித்தியாசம் 0.45. அதுவும் மூளை வீக்கம், ரத்தக் கசிவு வருதான்னு ஸ்கேன் எடுத்து எடுத்து பாக்கணும். இத பாலக்கோட்டுல இருக்கற ஒரு பாட்டிக்கு எப்படி குடுப்பீங்க, சொல்லுங்க. வீட்டுல கடன் இருக்குது, தங்கச்சி படிக்கணும்னா கம்பெனிக்கு கண்ண மூடிக்கிட்டு போலாம்னு நான் சொல்வேன், அதுல ஒரு அவமானமும் இல்ல. தக்காளி போடற எங்க வீட்டுல 2023 ஜூலைல தக்காளி கிலோ நூறு ரூபா தாண்டுன மாசத்துல கடன் ஒருவழியா அடைஞ்சுடுச்சு, அந்த ஒரு மாசம் இல்லன்னா இந்தக் கட்டுரையே வேற மாதிரி முடிஞ்சிருக்கும். அதுக்கு அடுத்த போகத்துல பறிக்கற கூலி கூட வரலங்கறது தனிக் கதை.

காலேஜ் வேலை. அம்மாவோட வாதம் ரொம்ப நேரானது, "தருமபுரில வாத்தியாரு வேலைன்னா காலைல போய் சாயங்காலம் வந்துடலாம், ஆயாவையும் பாத்துக்கலாம், கல்யாணமும் பேசலாம்." இதுல ரெண்டு வகை இருக்குது, ரெண்டையும் கலக்கக் கூடாது. கௌரவ விரிவுரையாளர்னா மாசம் 25,000, மே மாசம் சம்பளம் கிடையாது. டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) மூலமா நிரந்தர உதவிப் பேராசிரியர்னா அடிப்படை சம்பளமே 57,700, அதுக்கு மேல பஞ்சப்படி. 2024 மார்ச்சுல 4,000 இடத்துக்கு அறிவிப்பு விட்டாங்க, அப்ளிகேஷன் போட்டவங்க எல்லாம் பரீட்சை எப்போ எப்போன்னு காத்துக்கிட்டு கெடந்தாங்க, என் கிளாஸ்மேட் ஒருத்தி அதுக்காகவே ஒரு போஸ்ட்டாக்க விட்டுட்டு சேலத்துல ரூம் எடுத்து படிச்சா. கெடச்சா 60 வயசு வரைக்கும் யாரும் அசைக்க முடியாது. ஆனா அங்க சாம்பிள் வருஷக்கணக்கா கெடாம வைக்கற மைனஸ் 80 ஃப்ரீசர் இருக்காது, செல் வளக்கற ரூம் இருக்காது, வாரத்துக்கு 16 மணி நேரம் கிளாஸ். ஆராய்ச்சி பண்ணலாம், மீன் குஞ்சு, ஈ, தாவர சாறு அந்த அளவுல.

அந்த அளவு ஆராய்ச்சிய ஏளனமா சொல்றேன்னு நெனச்சுக்காதீங்க. பார்கின்சனுக்கு இன்னைக்கும் மொத மாத்திரை லெவோடோபாதான், எங்க ஆயா மூணு வேளை போடறது அதத்தான். அந்த லெவோடோபா நம்ம பூனைக்காலி விதைல இருக்குதுன்னு பிரிச்சு எடுத்துக் காட்டுனது 1937ல மெட்ராஸ்ல, தாமோதரன், ராமசாமின்னு ரெண்டு பேரு. லெவோடோபா டோபமைனா மாறித்தான் வேலை செய்யும், மூளைல அந்த டோபமைனுக்கு என்ன வேலைன்னு கார்ல்சன்ங்கற விஞ்ஞானி கண்டுபுடிச்சதே அதுக்கு 20 வருஷம் கழிச்சுதான். (எங்க சித்தப்பா இத எங்கயோ கேட்டுட்டு பூனைக்காலி பொடி ஒரு டப்பா வாங்கிட்டு வந்து ஆயாவுக்கு பால்ல கலக்கப் பாத்தாரு. மாத்திரையோட மேல அத போட்டா டோஸ் எவ்ளோ ஏறும்னே தெரியாது, கை கால் தானா முறுக்கிக்கும் சித்தப்பான்னு புடுங்கி வச்சேன், ஒரு வாரம் பேசல.) சின்ன லேப்லருந்து பெரிய விஷயம் வராதுன்னு இல்ல. ஆனா நான் தேடற கேள்விக்கு ஃப்ரீசர் வேணும், வருஷக்கணக்குல ரத்த சாம்பிள் வேணும், அது காலேஜ்ல கெடைக்காது. 40 வயசுல போலாம், 31ல போனா கேள்விய வீட்டுலயே வச்சுட்டு போவணும்.

இப்ப பெங்களூரு. சம்பளத்துல இதுதான் கடைசிக்கு முந்தினது. ரிசர்ச் அசோசியேட் முதல் நிலை 58,000, கூட வீட்டு வாடகைப் படி. நிரந்தர வாத்தியாரோட அடிப்படை சம்பளத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் 300 ரூபா, ஆனா பஞ்சப்படி கெடையாது, பென்ஷன் கெடையாது, கிரான்ட் வர லேட்டாச்சுன்னா ரெண்டு மூணு மாசம் சம்பளமே வராது, பிஎச்டில இத நான் அனுபவிச்சிருக்கறேன், ரூம்மேட்டுகிட்ட கடன் வாங்கி சாப்பிட்டுருக்கறேன். இதெல்லாம் தெரிஞ்சும் ஏன் இது லிஸ்டுல இருந்துச்சுன்னா அந்த நீளமான கடிகாரம் இங்கதான் ஓடுது.

இந்த மாதிரி ஸ்டடி எப்படி இருக்கும்னு தெரியணும்னா கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்த பாருங்க. மாம்பழத்துக்கு பேர் போன ஊரு, நம்ம கிருஷ்ணகிரி மாதிரியே. அங்க கிராமத்துல 45 வயசு தாண்டுன பத்தாயிரம் பேர வருஷக்கணக்குல தொடர்ந்து பாக்கறதுன்னு இலக்கு வச்சு, பெங்களூரு ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்) வளாகத்துல இருக்கற மூளை ஆராய்ச்சி மையம் 2018ல ஆரம்பிச்சுது, சான்ஸ்காக்னு பேரு. ரத்தம், ஞாபக சோதனை, மூளை ஸ்கேன், மரபணு, திரும்பத் திரும்ப அதே ஆளுங்க. எனக்கு வந்த இடம் அது இல்ல, அதவிட ரொம்ப சின்னது, ஆனா வேலையோட ஜாதி ஒண்ணுதான். எப்ப யாருக்கு நோய் வரும்னு தெரியாது, காத்திருந்து பாக்கணும், வந்தவங்களோட பத்து வருஷப் பழைய ரத்தம் ஃப்ரீசர்ல இருக்கும். அந்த பழைய ரத்தம்தான் பொன்னு. எங்க ஆயாவோட 2006 ரத்தம் எங்கயாவது ஒரு ஃப்ரீசர்ல இருந்திருந்தா எவ்ளோ கேட்டிருக்கலாம்.

இது பாசத்துல சொல்றதுன்னு நெனச்சுடுவாங்க, அறிவியலாவும் காரணம் இருக்குது. வெள்ளைக்காரங்க கிட்ட கண்டுபுடிச்ச மரபணுக் கணக்கு நம்மகிட்ட அப்படியே செல்லாது. எல்ஆர்ஆர்கே2 மரபணுல ஜி2019எஸ்னு ஒரு மாற்றம் இருக்குது, வட ஆப்பிரிக்காவுல சில மக்கள்கிட்ட பார்கின்சன் பேஷன்ட்டுங்கள்ல மூணுல ஒருத்தருக்கு மேல இருக்கும், இந்தியாவுல தேடுனா கெடைக்கறதே அபூர்வம். 2023ல ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள மொத தடவ பெரிய அளவுல பாத்தப்ப ஜிபிஏ1 மரபணுல ஒரு புது மாற்றம் கெடச்சுது, அவ்ளோ வருஷம் ஐரோப்பாவுல தேடியும் கண்ணுல படாதது. அப்ப நம்ம ஆளுங்ககிட்ட என்ன ஒளிஞ்சிருக்குதோ. 60 வயசு தாண்டுன இந்தியர்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது கிட்டத்தட்ட 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியான்னு ஒரு தேசிய ஆய்வு 2023ல சொல்லிச்சு, அந்த எண்ணிக்கைய நம்பிக்கையா சொல்லவே இத்தனை நாள் ஆச்சு.

அப்புறம் மருந்து அடிக்கற விஷயம். எங்க பக்கம் தக்காளிக்கு வாரத்துக்கு ஒரு தடவையாவது மருந்து அடிப்பாங்க, முதுகுல டேங்க், மூஞ்சில ஒரு துண்டு, அவ்ளோதான் பாதுகாப்பு. களைக்கு பாராகுவாட். அமெரிக்காவுல விவசாயிகள வச்சு 2011ல வந்த ஆய்வுல பாராகுவாட்டோ ரோட்டினோன்ங்கற பூச்சிமருந்தோ பயன்படுத்துனவங்களுக்கு பார்கின்சன் வர்ற வாய்ப்பு ரெண்டரை மடங்குன்னு வந்துச்சு. ஐரோப்பிய ஒன்றியத்துல 2007லருந்து பாராகுவாட்டுக்கு தடை. அப்ப இந்தக் கேள்விய ஜெர்மனில உக்காந்து எலிகிட்ட கேக்கலாம், மனுஷங்ககிட்ட கேக்கணும்னா ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம்தான் வரணும். எங்க ஆயாவுக்கு அதனாலதான் வந்துச்சான்னு கேட்டா சொல்ல முடியாது, ஒரே ஒருத்தர வச்சு அப்படி சொல்லவும் கூடாது, எங்க தாத்தா அவங்களவிட அதிகமா மருந்து அடிச்சவரு, 84 வயசுல நேரா நடந்து போய் டீ குடிச்சுட்டு வருவாரு.

பெங்களூரு ஆப்ஷன்ல குழியும் இருக்குது, மறைக்க மாட்டேன். இப்படிப்பட்ட ஸ்டடில பேப்பருக்கு முப்பது பேரு பேரு போடுவாங்க, அதுல நீங்க பன்னெண்டாவது ஆளா இருந்தா ஃபெலோஷிப் கமிட்டி கண்ணுக்கு தெரியவே மாட்டீங்க. முத மூணு வருஷம் சாம்பிள் சேக்கறதுலயே போயிடும், எக்செல் ஷீட்டு திருத்தறது, ஆட்டோ புடிச்சு கிராமத்துக்கு போய் பாட்டிய எழுப்பி ஒப்புதல் கையெழுத்து வாங்கறது. ஐந்து வருஷம் கழிச்சு சொந்த லேப்புக்கு அப்ளை பண்ணா "வெளிநாட்டு அனுபவம் இல்லையா"ன்னு கேப்பாங்க, எழுதப்படாத விதி, ஆனா இருக்குது. வெளிய போய்ட்டு வர்றவங்களுக்கு ராமலிங்கசாமி ஃபெலோஷிப்னு ஒரு கதவு திறந்திருக்குது, உள்ளயே இருந்தவங்களுக்கு அந்தக் கதவு கெடையாது. மத்திய அரசோட இன்ஸ்பயர் ஃபேக்கல்டி ஃபெலோஷிப்புக்கு போடலாம், மாசம் 1,25,000மும் வருஷம் 7 லட்சம் ஆராய்ச்சிப் பணமும் அஞ்சு வருஷத்துக்கு, ஆனா வயசு வரம்பு இருக்குது, போட்டியும் கொலைகாரப் போட்டி. வெல்கம் டிரஸ்ட் டிபிடி இந்தியா அலையன்ஸ் ஃபெலோஷிப்பும் அப்படித்தான்.

அதனால நான் என்ன பண்ணேன்னா சரின்னு சொல்றதுக்கு முன்னாடி அந்த ஸ்டடிய நடத்தற பிஐ மேடம்கிட்ட ஒரு மணி நேரம் பேசுனேன். கையில எழுதி வச்சுக்கிட்டுதான் போனேன், இல்லன்னா கேக்க வெக்கமா இருக்கும். இந்த ஸ்டடிக்குள்ள எனக்குன்னு தனியா ஒரு துண்டு கெடைக்குமா, முதல் பேரு என்னோடதா இருக்குமான்னேன். கிரான்ட் எந்த மாசம் முடியுது, முடிஞ்சா என் சம்பளம் எங்கிருந்து வரும்னேன். இதுக்கு முன்னாடி இருந்த போஸ்ட்டாக்குங்க இப்ப எங்க இருக்காங்க, அவங்க நம்பர் குடுப்பீங்களான்னேன். நான் கெளம்பறப்ப என் கேள்விய என்னோட எடுத்துக்கிட்டு போலாமா, இல்ல அது லேப்புக்கு சொந்தமான்னேன். இந்த கடைசிக் கேள்வில அவங்க கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், தூக்கத்துல கை கால் வீசற கேள்விப் பட்டியல், முகர்ச்சி சோதனை, அந்த ஆளுங்களோட சாம்பிள்ல சினுக்ளின் விதை, அதாவது மத்த சினுக்ளினையும் ஒட்ட வைக்கற சின்னக் கட்டி, இருக்குதான்னு பாக்கற சோதனை, இது மூணும் உன்னோடது, எங்க போனாலும் எடுத்துக்கோன்னாங்க. சினுக்ளின் விதைய தண்டுவட நீர்ல பெருக்கிப் பாக்கற அந்த சோதனை 2023ல பெரிய அளவுல நிரூபிச்சாங்க, பார்கின்சன் பேஷன்ட்டுங்கள்ல 87.7 சதவீதம் பேர புடிச்சுது, அதுக்கு தேவையான கை என்கிட்ட இருக்குது, ஆறு வருஷம் அந்த நாரத்தான் செஞ்சுக்கிட்டு இருந்தேன். ஜெர்மனிக்கு எலிக்கு ஊசி போட தேவைப்பட்ட அதே கை.

முன்னாடி இருந்த ரெண்டு பேருக்கும் போன் போட்டேன். ஒருத்தரு நல்லா சொன்னாரு. இன்னொருத்தங்க "மேடம் நல்லவங்க, ஆனா மெயிலுக்கு பதில் வராது, நேர்ல போய் கதவ தட்டு"ன்னாங்க. இது பரவால்ல, நான் தக்காளி மண்டில கூவி வளந்தவ.

ஜெர்மனி ஆஃபர்ல எலிக்கு பதிலா கிரையோ-ஈஎம் (புரோட்டீன உறைய வச்சு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல அதோட வடிவத்த பாக்கற முறை) இருந்திருந்தா நான் போயிருப்பேன், இத நேர்மையா சொல்லிடறேன். 2017ல கேம்பிரிட்ஜ்ல அல்சைமர் பேஷன்ட்டோட மூளைலருந்து எடுத்த டாவ்ங்கற புரோட்டீன் நாரோட வடிவத்த அணு அணுவா பாத்தாங்க, அதுக்கப்புறம் ஒவ்வொரு நோய்க்கும் மடிப்பு வேற வேறன்னு தெரிய வந்துச்சு. அத இங்க மூணு வருஷத்துல யாரும் எனக்கு சொல்லிக் குடுக்க முடியாது, அதுக்காக ஆயாவ விட்டுட்டு போறதுல அர்த்தம் இருக்கும். எனக்கு ஏற்கனவே தெரிஞ்சத இன்னும் நல்ல மெஷின்ல பண்றதுக்கு போறதுல இல்ல. உங்க நிலைமை மாறலாம், உங்க பிஎச்டி முழுக்க கம்ப்யூட்டர்லன்னா, ஈரமான லேப்ப தொட்டதே இல்லன்னா, வெளிய போறதுதான் சரியா வரும்னு நெனைக்கறேன்.

எங்கண்ணன் பணக் கணக்க விடல. மூணு வருஷத்துக்கு ஜெர்மனில மிச்சம் 36 லட்சம், பெங்களூருல மிச்சம் நாலு லட்சம் வந்தா பெருசு, வித்தியாசம் 32 லட்சம், "உன் கேள்விக்கு 32 லட்சம் விலையா"ன்னான். ஆமாண்ணா, அவ்ளோதான் விலைன்னேன். கோவத்துல எழுந்து போய்ட்டான், அப்புறம் அவனே வந்து ஓசூர்ல ரூம் எடுத்துக்க, பெங்களூருவிட வாடகை பாதி, சனிக்கெழம ரயில்ல வீட்டுக்கு வந்துடலாம்னு ஐடியா குடுத்தான். அத்திப்பள்ளி தாண்டி சில்க் போர்டு வரைக்கும் தெனம் போற டிராஃபிக்க அவன் கணக்குல சேக்கல.

ஜெர்மனிக்கு மறுத்து மெயில் எழுதறது கம்பெனிக்கு எழுதறதவிட கஷ்டமா இருந்துச்சு. காரணத்த மறைக்காம எழுதுனேன், பாராகுவாட் விஷயம் உட்பட. மறுநாளே பதில் வந்துச்சு, வருத்தம்னு ரெண்டு வரி, அப்புறம் ஒரு கேள்வி, உங்க கிராமத்து சாம்பிள்ல விதை கெடச்சா அத எலில போட்டுப் பாக்க எங்களுக்கு குடுப்பீங்களா, ஆறு மாசம் நீங்களே வந்து செய்யலாம்னு. மனுஷ சாம்பிள் நாட்ட விட்டு வெளிய போவணும்னா அதுக்கு ஒரு கமிட்டி, அதுக்கு மேல இன்னொரு கமிட்டி, அனுமதி வாங்கவே ஒரு வருஷம் ஆவும்னு பதில் போட்டேன். பாஸ்போர்ட் அடுத்த மார்ச்சுல காலாவதி, புதுப்பிக்க சேலத்துல அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்கறேன். பெங்களூருல சேர்ற தேதி ஒண்ணாந்தேதி, ஆயாவோட மாத்திரை டைம்டேபிள் அம்மா போன்ல அலாரமா வச்சுக் குடுத்துருக்கறேன், காலை ஆறு, மதியம் பன்னெண்டு, சாயங்காலம் ஆறு.